பொறுமையான சாப்ட்வேர்

"நீங்க போட்டுக்கொடுத்த சாப்ட்வேர் வந்தப்புறம்தான் நிம்மதியா வரைய முடியுது," என்றாள், வாழ்த்து அட்டை தயாரித்து விற்கும் மனைவி. "கஸ்டமர் எவ்வளவு நச்சரிச்சாலும் கோபமே படாம பதில் போடுது. ஒருத்தர்கிட்ட 'சாப்பிட்டீங்களா'ன்னுகூடக் கேட்டிருக்கு!"

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மாவும் இருக்காங்களே, நாள் முழுக்க போனும் கையுமா..."

கணவன் தயங்கினான். "அந்த சாப்ட்வேர் ஒத்துவரலைன்னு முதல் வாரமே எடுத்துட்டேன்."

"அப்போ பதில் போடறது யாரு?"

பக்கத்து அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏம்மா, அந்தக் கல்யாணப் பொண்ணு அட்டை இன்னிக்கே வேணும்னு குதிக்கறா. 'எங்க பொண்ணு சரியாத் தூங்கலை, நாளைக்குத்தான் கிடைக்கும்'னு கொஞ்சம் கறாராவே சொல்லிட்டேன். நீ போய்ப் படு."