கைதான கோழி

"கோழியை இப்படிக் குடு. நான் வெட்டிக் கொண்டு வர்றேன்."

மாமியார் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். மருமகளுக்குச் சுருக்கென்றது.

பின்னே? அந்த முழுக் கோழிக்கு அவள் செய்த அலங்காரம் கொஞ்சநஞ்சமா? வெண்ணெய் தடவி, உப்பும் மிளகும் தேய்த்து, காலிரண்டையும் நூலால் கட்டி, ஒன்றரை மணி நேரம் ஓவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தபின் அவள் வைக்கும் முதல் விருந்து. புகுந்த வீடே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கோழியும் பொன்னிறமாக வந்திருந்தது. எல்லார் எதிரிலும் அதை வெட்டி ஒரே ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"பரவாயில்லை அத்தை, இங்கேயே நான் வெட்டறேன்."

"உனக்கு வெட்டத் தெரியாது."

மாமியார் கோழியோடு சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"அண்ணி, உங்க கோழி கைதாயிடுச்சு," என்றாள் நாத்தனார்.

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவைத்தாள்.

"அம்மாவுக்கு எதுலயும் தன் கை படணும். கண்டுக்காதே," என்று கணவன் காதைக் கடித்தான்.

ஐந்து நிமிஷத்தில் துண்டுகள் வந்தன. மாமனார் விரலைச் சூப்பினார். ஆளாளுக்கு இரண்டாவது தடவை தட்டை நீட்டினார்கள்.

"இப்படி வெட்டினாத்தான் ருசி," என்று மாமியார் பெருமை வேறு அடித்துக்கொண்டார். வந்த சபாஷில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. மருமகளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுப் பூனை மட்டும் மேஜையைச் சட்டை செய்யாமல் மாமியாரின் கைப்பையையே சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

"பையில என்ன புதையலா இருக்கு? போ அந்தாண்டை," என்று அவர் விரட்டிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற சாக்கில் மாமியார் பின்தங்கினார். பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை மருமகள் கையில் திணித்தார்.

பிரித்தாள். கோழியின் ஈரலும் கழுத்தும். கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கோழி வயிற்றுக்குள் வைத்துத் தந்தது, எடுக்க மறந்து, காகிதத்தோடு சேர்ந்து வெந்திருந்தது.

மருமகளுக்குக் காது வரை சூடேறியது. "அத்தை... உங்களுக்கு எப்படி..."

"நீ தட்டைக் கொண்டு வரும்போதே காகிதம் எட்டிப் பார்த்துச்சு," என்றார் மாமியார், வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி. "நான் முதல் தடவை சுட்ட கோழியை மேஜையில வெச்சுத்தான் வெட்டினேன். முப்பது வருஷமாச்சு, உன் மாமனார் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்."