இரும்பு மெட்டி

கென்யாவின் ஏரிக்கரை ஊர்களில் முப்பது வருடமாக ஒகுமா பாடாத கல்யாணம் இல்லை, சாவு இல்லை. எட்டு நரம்பு யாழைத் தரையில் சாய்த்து மீட்டுவார். வலது கால் கட்டைவிரலில் மாட்டிய கனத்த இரும்பு மெட்டியால் அதன் மரவிளிம்பைத் தட்டித் தாளமும் அவரே போடுவார். சர்க்கரை நோய் அந்த விரலைக் கொண்டுபோனது. உதவிக்குத் தட்ட வந்தவர்களை, "என் கால் வேறு யாருக்கும் வராது" என்று திருப்பி அனுப்பினார். எட்டு மாதமாக யாழ் சுவரில் தொங்கியது.

ஒரு ஞாயிறு மதியம் மனைவி நெரேயா அதை இறக்கி அவர் முன்னால் வைத்தாள். மெட்டியைத் துணி சுற்றித் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க இதை வாசிக்கிற வழக்கம் இல்லடி. ஊர் சிரிக்கும்."

"வாசிக்கப்போறது நீங்க. நான் தட்டத்தான் போறேன்."

"தாளம் தெரியுமா உனக்கு?"

"முப்பது வருஷமா உங்க பக்கத்துல படுக்கிறேன். தூக்கத்துலயாவது அந்தக் கால் சும்மா இருந்துச்சா? என் கணுக்காலைக் கேளுங்க."

ஒகுமா சிரித்துவிட்டார். அவளைத் திணறடிக்கவே, இருப்பதில் வேகமான பாட்டை எடுத்தார். நெரேயா பிசகவில்லை. இரண்டாம் அடியில் உடைந்தது அவர் குரல்தான்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து சேரட்டும் என்று, விட்ட இடத்திலேயே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.