செம்பில் ஊற்றிய இளநீர்

உருத்திரபுரத்தில் வாய்க்காலோரத்து மண்வீடு. கிடுகுக் கூரையின் இடுக்கால் விழும் பின்னேர வெயில் கதிர்காமநாதனின் வீங்கிய பாதங்களில் கிடக்கிறது. சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இந்த ஒரு கிழமையாக, சாக்குக் கட்டிலில் சாய்ந்தபடி, ஓடிவந்தவனைப் போல ஆழமாக மூச்சு இழுக்கிறான். தலைமாட்டில் அவனுடைய தமக்கை தையல்நாயகி, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த இளநீரைச் சீவிச் செம்பில் ஊற்றுகிறாள். அந்தச் சத்தத்துக்கே அவன் உதடு விரிகிறது. மனைவி பத்மாசனி பாய்ந்து செம்பின் வாயைக் கையால் பொத்துகிறாள்.

“குடுக்காதேங்கோ மச்சாள். இதிலை பொட்டாசியம் எண்டொரு உப்பு இருக்காம். நல்ல சிறுநீரகமெண்டால் அதை மூத்திரத்தோடை தள்ளிவிடும். இவருக்குத் தள்ளாது. இரத்தத்திலை ஏறி நெஞ்சை நிப்பாட்டிப்போடும் எண்டு டொக்டர் சொன்னவர்.”

“தாகத்திலை எப்பிடி இளைக்கிறான், உனக்குக் கண் தெரியேல்லையோ?”

“அது தாகத்தாலை இல்லை. கழியாமல் நிக்கிற அமிலத்தை உடம்பு மூச்சாலை குறைக்கப் பாக்குது.”

“கொல்லுறதுக்கும் டொக்டரைச் சாட்டுறாய்!”

தையல்நாயகி செம்பை இழுக்கிறாள். பத்மாசனி விடவில்லை. நான்கு கைகளுக்கிடையில் செம்பு நடுங்குகிறது. ஒருத்தியின் நகம் மற்றவளின் மணிக்கட்டில் பதிகிறது. பத்மாசனி பலத்தையெல்லாம் சேர்த்துச் செம்பைக் கவிழ்த்துவிடுகிறாள். சாணி மெழுகிய நிலம் இளநீரை உறிஞ்சுகிறது. அவள் நிமிர்ந்து கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அவன் ஈரம் படர்ந்த நிலத்தையே பார்த்தபடி, இழுப்புக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறான்:

“அக்கா... இவளை... வெளியிலை போகச் சொல்லு.”