ஆந்தைக்கு எதிராக

சீனியரின் கறுப்பு கவுன் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது. ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிக்கொண்டதாம். செய்ய வேறு வேலை இல்லாததால் ஜூனியர் அதை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வக்கீல் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர் என்று ஒருவர் வந்து வெகு நாளாகிறது. இந்த மாதமும் கேஸ் வராவிட்டால் கதவைச் சாத்திவிட்டு மைத்துனரின் பெயின்ட் கடையில் போய் உட்கார்ந்துவிடுவதாகச் சீனியர் சொல்லியிருந்தார். அவருக்காவது கடை இருந்தது. அவளுக்கு இந்த நாற்காலியை விட்டால் வேறு நாற்காலி இல்லை. அவள் குரல் மேசையைத் தாண்டாது என்று மற்ற வக்கீல்கள் எல்லோரும் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார்கள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஒல்லியான ஆள். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. விந்தி விந்தி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“ஒரு சந்தேகம் மேடம். முகமூடி போட்டுக்கிட்டுத் திருடனைப் பிடிச்சா அது குத்தமா?”

ஊசி அவள் விரலில் ஏறியது.

ஊர் முழுக்க ஆந்தையைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம் முளைத்தவன். கறுப்பு இறக்கையும் முகமூடியுமாக எங்கிருந்தோ வருவான். திருடனை விளக்குக் கம்பத்தில் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவான். யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய செல்போன் திரையில்கூட யாரோ வரைந்த ஆந்தை படம்தான் இருந்தது. அதை மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.

“முகமூடி போடறது குத்தம் இல்லைங்க. கண்ணு முன்னால திருடறவனை யார் வேணாலும் பிடிக்கலாம். ஆனா உடனே போலீஸ்ல ஒப்படைச்சிடணும்.”

“கம்பத்துல கட்டிட்டுப் போயிட்டா?”

“அதுதான் கொஞ்சம் சிக்கல்.” எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். “கால்ல நல்ல அடி போலிருக்கே. மாடியிலேர்ந்து குதிச்சீங்களா?”

“சன்ஷேடுலேர்ந்து. குதிச்சிருக்கக் கூடாது மேடம்.”

“உங்களை நேர்ல பார்க்கறதே எனக்குப் பெருமையா இருக்கு சார்.” அவள் குரல் முதல் முறையாக மேசையைத் தாண்டியது.

அந்த ஆளிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலும். நாற்காலியில் நெளிந்தான். “அட, போங்க மேடம். யாரும் சொல்லிக் குடுக்கல. நானாக் கத்துக்கிட்டதுதான்.”

“உங்க பேர் வெளியில வராமப் பார்த்துக்கறது எங்க பொறுப்பு.”

“பேரா? போட்டோவோட பேப்பர்லயே வந்துடுச்சே. அதை விடுங்க. எத்தனை வருஷம் உள்ள போடுவாங்க?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார்.”

“எனக்கு இல்ல மேடம், அந்த ஆந்தைக்கு. நான் அவன் பிடிச்ச திருடன். நேத்துதான் ஜாமீன்ல வந்தேன்.”

அவள் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது, கொட்டாவி விட்டபடி சீனியர் உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் தைல வாசனை வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் கொட்டாவி பாதியில் நின்றது.

“அந்த ஆந்தையா? சட்டத்தைக் கையில எடுக்கற அயோக்கியப் பய. விடவே கூடாது. எதால கட்டினான்?”

“துணி காயப்போடற கயிறு சார். க்ளிப்பைக்கூட எடுக்கல. முதுகெல்லாம் குத்திடுச்சு.”

“அவசரத்துல ஒவ்வொரு க்ளிப்பா எடுத்துக்கிட்டிருக்க முடியுமாய்யா?” என்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனாலும் தப்பு தப்புதான்.”

“இவர் திருடினது நிஜம் சார்,” என்றாள் ஜூனியர். “ஆந்தை கண்ணால பார்த்திருக்காரு.”

“பார்த்தா போதுமாம்மா? கோர்ட்டுக்கு வந்து சொல்லணுமே. கூண்டுல ஏறினா முகமூடியைக் கழட்டணும், பேரைச் சொல்லணும். கழட்டினா அவன் ஆந்தை இல்ல. கழட்டலேன்னா சாட்சி இல்ல. வேற யாரும் பார்க்காத திருட்டு கோர்ட்டுல எப்படி நிக்கும்? கேஸ் நமக்குத்தான். வக்காலத்துல கையெழுத்து வாங்கிக்க.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

ஜூனியர் வக்காலத்துத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊருக்கு நல்லது செய்துவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போகிற ஒருவன். அவனைத் தோற்கடித்துத்தான் இந்த நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா?

“ஊர்ல எவ்வளவோ வக்கீல் இருக்காங்க. எங்களைத்தான் தேடிப் பிடிச்சு வரணுமா?” என்றாள் எரிச்சலோடு.

“நான் எங்கே மேடம் தேடினேன்?” அவன் சட்டைப் பையிலிருந்து கசங்கிப்போன ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தான். சீனியருடைய கார்டு.

“கட்டி முடிச்சதும் அந்த ஆந்தைதான் இதைப் பையில சொருகிட்டுப் போனான். உள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க பையிலயும் இதே கார்டுதான். ஜாமீன் கிடைச்சதும் நேரா இங்கதான் வருவாங்க.”

அவள் கார்டைப் பார்த்தாள். குறட்டை வரும் கதவைப் பார்த்தாள். மடியில் கிடந்த கறுப்பு கவுனைப் பார்த்தாள்.

பிறகு, அதுவரை போட்ட தையலைப் பிரித்துவிட்டு, எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் கிழியாதபடி இரட்டை நூலில் தைக்க ஆரம்பித்தாள்.