மலைச்சரக்குத் தைலம்

கல்வராயன் மலையில் சாராய ஊறலைத் தேடி ஏறி இறங்கியே ஏட்டு தெய்வசிகாமணியின் வலது முட்டி தேய்ந்துவிட்டது. ஸ்டேஷன் வாசல் படி ஏறுவதற்கே சுவரைப் பிடிப்பார்.

"ஒரு கஞ்சா கேஸ் பிடிச்சுக் குடுங்க. மலை டூட்டியே இல்லாம பண்ணிடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

போதாதா? மறுநாளே மஃப்டியில் கிளம்பிவிட்டார். மலையிலேயே கிடந்தவர் என்பதால் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் யாருக்கும் அவர் முகம் தெரியாது. கஞ்சா புழங்குவதாகப் பேச்சு அடிபட்ட தஸ்தகீரின் நாட்டு மருந்துக் கடைக்கு நேராக நொண்டிக்கொண்டே போனார்.

"முட்டி வலிங்களா?" தஸ்தகீர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலை இறக்கினார். "மலைச்சரக்கு போட்டுக் காய்ச்சின தைலம் ஒண்ணு கீது. வெளிய மூச்சு வுடாதீங்க."

"கஞ்சாவா? போதை ஏறாதா?"

"தடவினா இன்னாங்க ஏறும்? வலிதான் எறங்கும்."

சாட்சிக்காக வாங்கிய பாட்டிலை ஏட்டு ஒரே ஒரு தடவை தடவிப் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். வாரம் முடிவதற்குள் சுவரைப் பிடிக்காமல் படியேறினார்.

தஸ்தகீரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய? வலிக்குத் தடவினாலும் கஞ்சா கஞ்சாதான். சட்டத்துக்கு முட்டி வலிக்காது.

ஆளையும் பாட்டில்களையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு பாட்டில் மட்டும் வழியில் அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது.

தஸ்தகீர் கதறினார். "ஏதாச்சும் சின்னதா பெட்டி கேஸா போட்டுக்குங்கய்யா. தைலத்த லேபுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. உங்க கால்ல வுழறேன்!"

"இந்த பயம் முன்னாடியே இருந்திருக்கணும்" என்று ஏட்டு அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

லேப் ரிப்போர்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் அதை மேசையில் விட்டெறிந்தார்.

"இதுல கஞ்சா எங்கய்யா கீது? வெறும் வெளக்கெண்ணெயும் கற்பூரமும்!"

விடுதலையாகி வந்த தஸ்தகீர் தலையில் அடித்துக்கொண்டார். "வெளக்கெண்ணெய்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? என் யாவாரத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"நீங்க காலையில மலைக்குக் கிளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர் ஏட்டிடம். "அதான் முட்டி ஜோரா ஆயிடுச்சே."

சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிய தெய்வசிகாமணி, வாசல் படியில் காலை வைத்ததும் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.