அரை டம்ளர் தண்ணீர்

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவள் டம்ளரை எடுத்தாள். அரை டம்ளர் போதும். அதற்கு மேல் போனால் மனுஷன் கண்டுபிடித்துவிடுவார்.

“நான் வெளிய வர அரை மணி நேரமாவது ஆகும்மா!” என்று கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“மெதுவா வாங்க, என்ன அவசரம்?” என்றாள். முப்பத்தொரு வருஷம் கூடவே வாழ்ந்தவருக்கு இப்படிச் செய்கிறோமே என்று ஒரு கணம் தயங்கினாள். ஆனாலும் கால் பின்வாசல் பக்கம் நடந்துவிட்டது.

அங்கே படியில், பழைய துணியின் மேல், மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்க் வாயைத் திறந்தபடி காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரை அதற்குள் ஊற்றினாள். இரண்டு ஆட்டு ஆட்டிக் கவிழ்த்து வடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அவர் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “அடடா, மறுபடியும் துரு புடிச்சிருச்சே!”

இது நாலாவது வாரம்.

போன வருஷம் தெருமுனைத் திருப்பத்தில் மணல் சறுக்கி வண்டியோடு விழுந்தவர் அவர். கால் முறிந்து மூன்று மாதம் படுக்கை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும், “எழுந்ததும் மொத வேலையா வண்டியத்தான் எடுக்கப் போறேன்” என்று மார்தட்டிவிட்டார்.

கட்டைப் பிரித்த டாக்டராவது வேண்டாம் என்றிருக்கலாம். “இனிமே தாராளமா ஓட்டுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க இனிமே வண்டி?” என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

“நான் என்ன பயந்தாங்கொள்ளியா?” என்று எகிறினார். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டு டம்ளரைக் கையில் எடுத்தாள்.

அவரும் சளைக்கவில்லை. வாராவாரம் டேங்கில் வினிகரை நிரப்பி ஊற வைப்பார். ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு, டேங்கை மடியில் வைத்துக்கொண்டு கடகடவென்று குலுக்குவார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை அறைந்து சாத்துவார். பிறகு டேங்கைக் கழுவிக் காயவைத்துவிட்டு, இவர் குளிக்கப் போவார்.

ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர் அவர். எந்தக் குழாயில் எங்கே ஈரம் கசிகிறது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு டேங்கிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளுடைய தம்பி வந்துவிடுவான். “மாமா, பேசாம இதுல மண்ணைப் போட்டு ஒரு ரோஜாச் செடி வச்சிருங்க. உங்களால அதுதான் முடியும்.”

வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுப்பவர் அன்று தலையைக் குனிந்துகொண்டார். வினிகரில் ஊறிச் சுருங்கிய விரல்களைப் பார்த்தபடி, “கைராசி போயிருச்சு மாப்ளே” என்று பெருமூச்சு விட்டார்.

அடுக்களை ஜன்னலில் நின்றிருந்த அவளுக்கு அது பொறுக்கவில்லை. கால் உடைந்தபோதுகூட இப்படி உடைந்து பேசாத மனுஷன்! இனிமேல் அந்தப் பாவத்தைச் செய்வதில்லை என்று அப்போதே முடிவு கட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை, “இன்னிக்குத் தலைக்குக் குளிக்கிறேன், ஒரு மணி நேரம் ஆகும்!” என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. அவள் பின்வாசல் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தம்பி டார்ச்சைப் பிடிக்க, அவர் டேங்குக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மறு கண்ணால் பார்த்தார். உள்ளே புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது.

“மாமா, ஜெயிச்சுட்டீங்க!” என்று தம்பி குதித்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் அவனே டேங்கை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, கிக்கரை உதைத்தான். மூன்றாவது உதையில் வண்டி உறுமியது.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு மாதமாகச் சத்தத்தைச் சகித்துக்கொண்டவர், எல்லாவற்றையும் மறந்து கைதட்டினார். எதிர்வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவளே ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. “பார்த்துப் போய்ட்டு வாங்க.”

வாங்கியவர் அதை முன்பின்னாக மாட்டிக் கழற்றினார். நெற்றியெல்லாம் வியர்வை. சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“இந்தப் பட்டை சேரலை, உள்ள வந்து கொஞ்சம் சரி பண்ணிக் குடு” என்று அவர் அவளைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார்:

“ஏம்மா, நேத்து தண்ணி ஊத்த மறந்துட்டியா?”