இருபதடி மேஜர்

செத்துப்போன சிப்பாய் ஜெயசீலனின் தலையை, யாரோ ஒரு மேஜரின் உடம்பில் ஒட்டி அஞ்சலி பேனர் அடித்துவிட்டான் ஸ்டுடியோக்கார வேலப்பன். கல்யாண பேனர்களில் மாப்பிள்ளைகளின் வழுக்கையில் முடி நட்டுப் பழகிய கை, தோளிலிருந்த பதவியை அழிக்க மறந்துவிட்டது. கல்லறைத் தோட்ட வாசலில் இருபதடி மேஜராக நின்றான் ஜெயசீலன்.

ராணுவ ஆள் எடுப்புக்குப் படம் எடுக்க வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக் கெடுத்தவன் அவன். "சுடும்போதும் இப்படித்தானாடா?" என்பான் வேலப்பன். எப்படியோ சேர்ந்து, நான்கு வருடம் பனிமலையில் காவல் நின்று, குண்டு விழுந்து, இன்று ஆணியடித்த பெட்டியில் ஊர் வந்திருக்கிறான்.

"ஒரே ஒரு தடவை முகத்தக் காட்டுங்கய்யா!" பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள் அவன் அம்மா சகாயம்மாள்.

"திறக்கக் கூடாதும்மா, மேலிடத்து உத்தரவு," என்று சொன்னதையே சொன்னார் கூட வந்த ஹவில்தார். பிறகு தள்ளிப்போய் பேனரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலப்பன் ஏணியோடு ஓடி வந்தான்.

"தப்பு நடந்துபோச்சு சார். தலை அவனுதுதான், உடம்பு நெட்ல எடுத்தது. இப்பவே கழட்டிடறேன்."

ஏணியில் கால் வைத்தவனின் தோளைப் பிடித்து நிறுத்தினார் ஹவில்தார். "இருக்கட்டும் தம்பி."

"மேஜர் ஆக்கிட்டேனே சார்!"

"இருக்கட்டுங்கறேன்ல."

"அப்ப பெட்டியையாவது திறங்க சார். பெத்தவ பாக்கட்டும். ஏன் சார் மாட்டேங்கறீங்க?"

ஹவில்தார் சகாயம்மாளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பனி முழுக்கத் தேடினோம் தம்பி. தலை கிடைக்கல."